சனிக்கிழமைச் சீன வகுப்பு: வராந்தாவுக்காகவே சேரலாம்

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு பிளாஸ்டிக் உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். எங்கள் மோல்டிங் மெஷின்களில் பாதிக்கு மேல் சீனாவில் செய்தவை. ஹீட்டர், வால்வு, ஸ்க்ரூ என்று எது போனாலும் நிங்போ பக்கத்தில் இருக்கும் ஒரு சப்ளையரிடம்தான் போய் நிற்க வேண்டும். அதனால் தமிழக-கேரள எல்லைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று ‘சீன மொழியும் மரபு நலப் பயிற்சியும்’ என்று ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு அறிவித்தபோது, பாதிக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டி என்னை அனுப்பிவைத்தது. மொத்தக் கட்டணம் 7,500 ரூபாய். சனிக்கிழமை மட்டும் வகுப்பு. காலையில் மொழி, சாப்பாட்டுக்கு அப்புறம் நலவாழ்வு விரிவுரை, கடைசியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி.

பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. பாடம் எடுக்கும் இருவரும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஓடுகிறவர்கள். நான் திட்டப்போகும் விஷயம் எதுவும் அவர்கள் செய்ததில்லை என்றாலும் அவர்கள் தலையில்தான் விடியும். இந்த மாதிரிப் படிப்பில் எங்கே சேர்ந்தாலும் எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதற்கு நான் எழுதுவது உதவினால் போதும்.

முதலில் மொழி வகுப்பு. எங்கள் ஆசிரியை கோயம்புத்தூர்க்காரர், சீனாவில் போய்ப் படித்தவர். வகுப்பில் அவரை ‘லாவ்ஷி’ என்றுதான் கூப்பிட வேண்டும். அங்கே டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மலையாளப் பையன்கள் பழக்கதோஷத்தில் ‘லாவ்ஷி டீச்சர்’ என்பார்கள், அவரும் விட்டுவிடுவார்.

அவர் முதல் வகுப்பிலேயே போட்ட சட்டம், ஆங்கில எழுத்தைப் பார்த்து ஆங்கிலமாகப் படிக்கக் கூடாது என்பது. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையைச் சீன அரசு 1958இல் ஏற்றுக்கொண்டது. சீனர்கள் தங்கள் ஒலிக்காகச் செய்துகொண்ட முறை அது. பெய்ஜிங்கின் முதல் எழுத்தை ஆங்கிலக்காரர் மாதிரித் தொண்டை அதிரச் சொல்ல வேண்டியதில்லை. ‘பல்’ என்று சொல்லும்போது நம் வாயில் வரும் பகரமே போதும். அதற்கு ஜோடியாக இன்னொரு பகரம் இருக்கிறது, அதற்கு மூச்சை ஊத வேண்டும். த, க எல்லாவற்றுக்கும் இதே ஜோடிக் கணக்குத்தான். ஆளுக்கொரு டிஷ்யூ பேப்பர் கொடுத்து வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். முதல் ஒலிக்குப் பேப்பர் அசையக் கூடாது, இரண்டாவதுக்குப் பறக்க வேண்டும். மலையாளிகளுக்கு எழுத்திலேயே மூச்சொலிகள் உண்டு, அவர்கள் ஊதித்தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தோம். எழுதும்போது இருக்கும் மூச்சைப் பேசும்போது அவர்களும் விழுங்கிவிடுகிறார்கள் என்பது அன்றைக்குப் பேப்பரில் தெரிந்தது.

ஆனால் ஓரிடத்தில் இரண்டு தரப்புமே முன்னே போய்விட்டோம். பின்யினில் ஆங்கில ‘ஆர்’ போட்டு எழுதும் ஒலி நம் ழகரத்துக்கு ரொம்ப நெருக்கம். வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் ஒலி என்று லாவ்ஷி சொன்னார். ழ தமிழிலும் உண்டு, மலையாளத்திலும் உண்டு, சண்டையே இல்லை. ‘வாளப்பளம்’ பேசுகிறவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். நாக்கை மடிக்கும் மற்ற ஒலிகளும் ட, ண சொல்லிப் பழகிய வாய்க்குச் சுலபமாகவே வருகின்றன. படாதபாடு படுத்துவது ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஊ’வுக்குக் குவிக்கும் ஒலிதான். அதற்கு எந்தத் தமிழ் எழுத்தும் உதவிக்கு வராது. பக்கத்துச் சீட்டில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பழகுவது நல்லது.

தொனி விஷயத்துக்கு வருவோம், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம். நான்கு தொனி, அது போக அழுத்தமில்லாத ஒன்று. இதைப் பலகையில் கோடு போட்டு விளக்குகிறவர்கள் உண்டு. லாவ்ஷி எங்கள் வாயிலிருந்தே எடுத்தார். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால் ‘ஆ’ என்று ஒரே மட்டத்தில் இழுக்கிறோமே, அது முதல் தொனி. காதில் விழாதபோது ‘ஆங்?’ என்று மேலே ஏற்றிக் கேட்பது இரண்டாவது. நம்பிக்கையில்லாமல் ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் இறங்குவது மூன்றாவது. ‘யோவ்!’ என்று ஒருவரை அதட்டுவது நான்காவது. வலது பக்கத்துக்கான சீனச் சொல்லும் கிட்டத்தட்ட ‘யோவ்’ தான், அதுவும் நான்காம் தொனியில்தான். போத்தனூரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் அதைச் சொல்லும்போதெல்லாம் முன் பெஞ்சுப் பையன் திரும்பிப் பார்ப்பான்.

தனித்தனி அசையாகத் தொனி பழக்கினால் வாக்கியத்தில் வரும்போது எல்லாம் கலைந்துவிடும் என்பதால் எப்போதும் இரண்டிரண்டு அசையாகவே சொல்ல வைத்தார். மூன்றாம் தொனி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்தால் முன்னால் இருப்பது இரண்டாம் தொனியாக மாறும் என்ற விதியை நாங்கள் விதியென்று தெரிந்துகொள்வதற்கு முன்பே வாய் பழகிவிட்டது. இந்த ஒலி வகுப்புகளுக்கு மட்டுமே கட்டின காசு சரியாகப் போய்விட்டது என்பேன்.

எழுத்து வகுப்பு அவ்வளவு சுகமில்லை, லாவ்ஷியைக் குறை சொல்லவும் முடியாது. சீன எழுத்தைப் பழகக் கட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட தனி நோட்டு உண்டு. சித்தூரிலும் கிடைக்கவில்லை, பாலக்காட்டிலும் கிடைக்கவில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நான்கு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று எழுதினோம். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், படுக்கைக் கோடு முதலில் நிற்கும் கோடு அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் எழுத்து பார்க்கச் சரியாக இருந்தாலும் அவர் அடித்துவிடுவார். போனில் விரலால் எழுதித் தேடும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. வரிசை தப்பினால் போன் வேறெதையோ காட்டுகிறது.

பயனாக இருந்தது உறுப்புப் பாடம். உறுப்பு என்றால் பல எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டு. 1716இல் முடிந்த காங்ஷி அகராதி சீன எழுத்துகளை 214 உறுப்புகளின் கீழ் பிரித்து வைத்திருக்கிறது. எல்லாம் நமக்கு வேண்டியதில்லை. இரும்பு, எஃகு, செம்பு, அலுமினியம் நான்குக்கும் இடது பக்கத்தில் ஒரே உலோக உறுப்பு நிற்கும் என்பது தெரிந்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சப்ளையர் அனுப்பும் பேக்கிங் லிஸ்டில் சொல் புரியாவிட்டாலும் எந்த வரி உலோகச் சாமான், எது இல்லை என்று பார்த்தவுடன் பிரிக்க முடிகிறது. எங்கள் வகுப்பில் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்க்கும் சேச்சி ஒருவர் இருந்தார். அவருக்காகவே லாவ்ஷி சீனத் தனிம அட்டவணையை ஒட்டினார். உலோகங்களுக்கு உலோக உறுப்பு, வாயுக்களுக்குக் காற்றின் உறுப்பு, கார்பன், கந்தகம் மாதிரித் திடப் பொருளுக்குக் கல். பாதரசம் உலோகம்தான், ஆனால் ஓடுகிற உலோகம் என்பதால் அதன் எழுத்தில் தண்ணீர் நிற்கிறது. சேச்சி அந்த அட்டவணையைப் படம் பிடித்துக்கொண்டு போய் லேபில் மாட்டிவிட்டார்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. சீன அரசு நடத்தும் மொழித் திறன் தேர்வான எச்.எஸ்.கே.வுக்குத் தயார் செய்வதாக விளம்பரத்தில் இருக்கிறது. பாடம் ஆறு நிலைகள் கொண்ட முறைப்படி நடக்கிறது. அதில் முதல் நிலைக்கு 150 சொற்கள், 40 கேள்விகள், 200க்கு 120 எடுத்தால் பாஸ், எழுத்துத் தாளே கிடையாது. 2021இல் வெளியான புதிய தர அளவில் ஒன்பது நிலைகள், முதல் நிலைக்கே 500 சொற்கள். இதை விளம்பரத்தில் சொல்லவில்லை. சேரும்போதே எந்தக் கணக்கில் தயார் செய்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

குறை என்றால் பேசிப் பழக ஆள் கிடையாது. மொழி ஆய்வகம் என்று பூட்டின அறை ஒன்று இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பது ஆறு மாதமும் தெரியவில்லை. சீனர்கள் எல்லாரும் புழங்கும் வீசாட்டை நம் அரசு 2020 ஜூனில் தடை செய்த 59 செயலிகளோடு தடை செய்துவிட்டதால், அங்கே ஒரு மாணவரைத் துணைக்குப் பிடித்துப் பேசுவதும் சுற்றுவழியாகத்தான் நடக்கிறது.

சாப்பாட்டுக்கு அப்புறம் வரும் நலவாழ்வு விரிவுரைக்கு வருகிறேன். மொழி மட்டும் என்றால் ஆள் சேராது என்று பயந்து இதை ஒட்டவைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். சாந்திநிகேதனில் 1937இலிருந்து சீன பவனம் நடக்கிறது, நாட்டுக்குச் சீனம் புதுப் பாடமும் இல்லை. ஆனாலும் 2019 வரைவுக் கல்விக் கொள்கையில் வெளிநாட்டு மொழிகளின் வரிசையில் இருந்த சீனம் 2020இல் வந்த இறுதி வடிவத்தில் காணாமல் போன பிறகு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கத்தான் செய்யும். சரி, ஒட்டவைத்தது தப்பில்லை. யாரைக் கூப்பிட்டுப் பேச வைப்பது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

வாரம் ஒருவர் வருவார். ஒருவர் போதிதர்மரைப் பற்றியே முழு நேரமும் பேசினார். காஞ்சிபுரத்து இளவரசர் போய்ச் சீனர்களுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தார், நாம்தான் மறந்துவிட்டோம் என்ற வழக்கமான பாட்டு. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, பின் பெஞ்சில் கைதட்டல்கூட. அடுத்த வாரம் லாவ்ஷி பக்குவமாக அதைக் கொஞ்சம் இறக்கிவைத்தார். போதிதர்மர் பெயரில் வழங்கும் தசைநாண் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில் எழுதியது என்பதுதான் ஆய்வாளர்கள் கணிப்பு. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவர் தலையில் அதைக் கட்ட முடியாது என்றார். பதிலுக்கு இரண்டு கல்வெட்டுப் படங்கள் காட்டினார். ஒன்று சீனத்துறைமுகமான ச்சுவான்ஜோவில் கிடைத்தது, 1281இல் சிவன் கோயிலுக்காகத் தமிழில் வெட்டி, கடைசியில் ஒரு வரி சீனம் சேர்த்தது. இன்னொன்று சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409 தேதியிட்டு வெட்டி இலங்கைக்குக் கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்று மொழியில். காலியில் 1911இல் கிடைத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கற்பனை இளவரசரைவிட இந்த வியாபாரிகள் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தார்கள். பர்ச்சேஸ் ஆள் இல்லையா நான்.

இன்னொரு வாரம் அழுத்தப் புள்ளிகள் பற்றி ஒருவர் பேசினார். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாணுக்கு நடுவே இருக்கும் புள்ளி குமட்டலுக்கு என்றார். ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலை அந்த இடத்தைத் தூண்டினால் குறைக்கலாம் என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. வால்பாறை மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் என் அக்கா பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அழுத்துவதாலா, விரலையே பார்த்துக்கொண்டு வருவதாலா, தெரியாது, போய்ச் சேர்ந்தோம். ஆனால் அதே ஆள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருக்கும் புள்ளியைத் தலைவலிக்கு அழுத்தச் சொன்னபோது, கர்ப்பிணிகள் அதை அழுத்தக் கூடாது என்று அந்த மரபே விலக்கி வைத்திருப்பதைச் சொல்லவில்லை. வகுப்பில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாவ்ஷிதான் எழுந்து சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலே பாதப் பட்டை வாரம். நலவாழ்வுப் பொருள் விற்கும் ஒரு கம்பெனியின் ஆள் விரிவுரையாளராக வந்தார். ராத்திரி உள்ளங்காலில் ஒட்டிப் படுத்தால் காலையில் பட்டை பழுப்பாகிவிடும், அது உடம்பிலிருந்து இறங்கிய நச்சு என்றார். பழைய பழுப்புப் பட்டைகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். பத்துப் பட்டை 900 ரூபாய், மாணவர்களுக்கு 700. ரயில்வேக்காரர் பர்ஸைத் திறந்துவிட்டார். லேப் சேச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. மாதிரிக்குக் கொடுத்த ஒரு பட்டையை வாங்கிக்கொண்டு கேண்டீனுக்குப் போனார், பின்னாலேயே நாங்களும் போனோம். ஒரு கட்டன் சாயா சொல்லி, ஆவி பறக்கும் கிளாஸ் மேல் பட்டையை மூடி மாதிரி வைத்தார். பழம்பொரி தின்று முடிப்பதற்குள் பட்டையின் அடிப்பக்கம் பழுப்பாகிக் கசகசத்து, சுட்ட மூங்கில் வாசம் அடித்தது. உள்ளே இருந்தது மர வினிகர்ப் பொடி. ஈரம் பட்டாலே நிறம் மாறும். கால் வேர்த்தாலும் மாறும், சாயா வேர்த்தாலும் மாறும். “சாயாவில் இத்தனை விஷம் இருக்கிறதா சேச்சி?” என்று கேண்டீன்காரப் பையன் கேட்டான். ரயில்வேக்காரர் பர்ஸை மூடினார்.

வகுப்பில் கொடுத்த கையேட்டில் சீன விஞ்ஞானி தூ யோயோவுக்கு 2015இல் நோபல் கிடைத்ததைப் பெரிய எழுத்தில் போட்டு, சீன மரபு மருத்துவம் முழுவதற்கும் கிடைத்த முத்திரை போலப் பேசியிருக்கிறார்கள். நடந்தது வேறு, அதுதான் சுவாரசியமும்கூட. மலேரியாவுக்கு மருந்து தேடியவர்கள் பழைய நூல்களில் நூற்றுக்கணக்கான மூலிகைகளைப் புரட்டினார்கள். மாச்சிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி சில சமயம் வேலை செய்தது, சில சமயம் செய்யவில்லை. 4ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று அதைக் காய்ச்சச் சொல்லாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருப்பதைத் தூ யோயோ கவனித்தார். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் சாற்றை இறக்கினார், எலியில் சோதித்தார், பிறகு தன் மேலேயே சோதித்துக்கொண்டார். பழைய நூல் ஒரு துப்புக் கொடுத்தது. அதைச் சோதித்ததுக்குத்தான் பரிசு. பாதப் பட்டை விற்கிறவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு தூ யோயோ பெயரைக் கையேட்டில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நலவாழ்வு விரிவுரைக்கு நான் மார்க் போட வேண்டுமென்றால் பத்துக்கு இரண்டு.

கடைசி மணி நேரம் வேறு கதை. பயிற்சி கொடுப்பவர் உடற்கல்வி ஆசிரியர், பாலக்காட்டுக்காரர், சின்ன வயதில் களரி பழகியவர். எல்லாருக்கும் அவர் ‘மாஷ்’ தான். விளம்பரத்தில் தாய்ச்சி என்று போட்டிருந்தார்கள், மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சி. யுனெஸ்கோ 2020இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, 24 அசைவுச் சுருக்க வடிவத்தைச் சீனா 1956இல் வகுத்தது என்றெல்லாம் கையேட்டில் இருக்கிறது. மாஷ் இரண்டாவது வாரமே அதை ஓரம் வைத்துவிட்டார். “வாரம் ஒரு மணி நேரத்தில் அது வராது. எட்டு அசைவு சொல்லித்தருகிறேன், அது ஒழுங்காக வந்தால் மதி” என்றார். மலையாளத்தில் ‘மதி’ என்றால் போதும். நல்ல முடிவு.

அந்த எட்டு அசைவுக்குப் பாதுவான்ஜின் என்று பெயர். பழைய பயிற்சி, 2003இல் சீனாவில் தரப்படுத்திய நான்கு சிகோங் (மூச்சோடு சேர்ந்த மெதுவான பயிற்சி) முறைகளில் இதுவும் ஒன்று. முழுதும் செய்யப் பன்னிரண்டு நிமிடம் போல ஆகும். கை கோத்து வானத்தைத் தாங்குவது, வில்லை இழுத்துப் பருந்தை எய்வது, ஒரு கையை மேலே ஒரு கையைக் கீழே தள்ளுவது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, இடுப்பைச் சுழற்றுவது, குனிந்து பாதத்தைத் தொடுவது, முஷ்டி மடக்கிக் கண்ணை உருட்டுவது, கடைசியில் குதிகாலைத் தூக்கி ஏழு தடவை தொப்பென்று இறக்குவது. ஒவ்வொன்றுக்கும் ஏழு எழுத்தில் ஒரு வரி உண்டு, வாய்ப்பாடு மாதிரிச் சொல்லலாம். மண்ணீரலுக்கு நல்லது, சிறுநீரகத்துக்கு நல்லது என்று அந்த வரிகளில் வரும். மாஷ் அதையெல்லாம் சொல்லவே மாட்டார். தொடைக்கு, தோளுக்கு, நிதானத்துக்கு என்பதோடு சரி. சாங்ஷா பக்கத்தில் மாவாங்துய் கல்லறையில் 1973இல் எடுத்த பட்டுத்துணியில் 44 பேர் இந்த மாதிரி நிற்கும் ஓவியம் இருக்கிறது. கல்லறையை மூடியது கி.மு. 168இல். அதன் நகல் ஒன்றை வராந்தாத் தூணில் ஒட்டியிருந்தார்கள், அதில் ஆணும் உண்டு பெண்ணும் உண்டு, கிழவரும் உண்டு.

வில் இழுக்கும் அசைவில்தான் மாஷின் திறமை தெரியும். கால்களை அகட்டிக் குதிரை மேல் உட்காருவதுபோல இறங்க வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வரும் யோகா டீச்சர் முதல் நாளே முழுக்க இறங்கினார். எனக்கு முட்டி வலி. மாஷ் என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து முட்டியையே பார்த்தார். “கால் விரல் எந்தப் பக்கம் பார்க்குதோ முட்டியும் அந்தப் பக்கம் பார்க்கணும் சேச்சி. உள்ளே சாயவிட்டால்தான் வலிக்கும். ஆழம் வேண்டாம், திசை மதி.” அவ்வளவுதான். இப்போது படியேறும்போது முன்பு மாதிரிக் கைப்பிடியைத் தேடுவதில்லை. எலும்பு டாக்டரிடம் சொன்னேன், தொடைத் தசை பலப்பட்டிருக்கும், விடாமல் செய்யுங்கள் என்றார்.

இந்த மணி நேரத்தை உயர்த்திப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. லாவ்ஷிக்கு ஊருக்குத் திரும்பும் பஸ் சாயங்காலம்தான். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று வராந்தாவில் வந்து நின்று, மாஷ் செய்து காட்டுவதைச் சீனத்தில் சொல்ல ஆரம்பித்தார். ட்ஸுவோ என்றால் இடது, யோவ் வலது, மான் மான் மெதுவாக, ஃபாங் ஸுங் தளர்த்து, திங் நில். மூச்சை இழுப்பதும் விடுவதும் ‘ச்சீ’ என்று முடியும். வராந்தா முழுக்க நாங்கள் ‘ச்சீ, ச்சீ’ என்று சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஹாஸ்டல் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போவார்கள். பாடத்திட்டத்தில் இது கிடையாது. ஆனால் காலையில் நோட்டில் எழுதிப் படித்த சொல் திங்கட்கிழமைக்குள் மறந்துபோகும், வராந்தாவில் கையைத் தூக்கிக்கொண்டு கேட்ட சொல் மறக்கவே இல்லை. சொல்லைத் தப்பாகக் கேட்டால் இடது கைக்குப் பதில் வலது கை போகும், பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்கும். வேறு திருத்தம் தேவையே இல்லை.

அங்கே கற்றுக்கொண்டது எதற்குப் பயன்பட்டது என்று கேட்டால், அடுத்த ஆண்டு சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பெண் ஒருத்தியைச் சொல்வேன். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வார்டில் நோயாளி சீனத்தில்தான் பேசுவார். “கையைத் தூக்குங்க, மூச்சை இழுங்க, விடுங்க, இந்தப் பக்கம் திரும்புங்க. ஸ்டெத் வைக்கும்போது வேற என்னக்கா சொல்லப்போறேன்?” என்றாள். வாஸ்தவம்தானே.

எனக்கும் அப்படித்தான். மெஷின் ஒன்று பிரஷர் எடுக்காமல் நின்றுவிட்டது. நிங்போவிலிருந்து சப்ளையரின் டெக்னீஷியன் வீடியோவில் வந்தார். ஆங்கிலம் சுத்தமாக வராது, வழக்கமாக மொழிபெயர்க்கும் பையன் அன்றைக்கு லீவு. எங்கள் ஃபிட்டர் ஸ்பேனரோடு நிற்கிறார், நான் போனைப் பிடித்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது எல்லாமே வராந்தாச் சொற்கள். இடது பக்கம் திருப்பு, இன்னும், மெதுவாக, நில். நான் தமிழில் சொல்ல, ஃபிட்டர் அண்ணன் திருப்ப, வால்வு சரியாகிவிட்டது. அந்த ஆள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காட்டினார். முன்பென்றால் ‘போன் பண்ணு’ என்கிறார் என்று நினைத்திருப்பேன். அது ஆறு, பிரஷரை ஆறு ‘பார்’ (அழுத்த அளவு) வையுங்கள் என்கிறார். சீனர்கள் ஒரு கையிலேயே பத்து வரை காட்டுவார்கள், அதுவும் லாவ்ஷி வராந்தாவில் எண்ணிக்கையாகச் சொல்லித்தந்ததுதான். எண்ணில் இன்னொன்றும் ஆர்டர் போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: அவர்கள் பெரிய எண்ணைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறார்கள், அதற்கு ‘வான்’ என்று பெயர். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து வான். ஒன்றரை லட்சம் வாஷர் வேண்டுமென்றால் பதினைந்து வான். மெயிலில் எண்ணாக எழுதினால் பிரச்சினை இல்லை, பேச்சில் போட்டால் ஒரு சைபர் எங்கேயாவது ஓடிவிடும்.

மற்றவை சட்டென்று சொல்லிவிடுகிறேன். கழிப்பறை சுத்தம், தண்ணீர் வரும். கேண்டீனில் மதியச் சாப்பாடு சுமார், பழம்பொரி நன்றாக இருக்கும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகப் போகிறவர்களுக்குச் சாயங்காலம் பஸ் இடைவெளி அதிகம். முன்கூட்டியே கிளம்பினால் வராந்தா மணி நேரம் போய்விடும், அதனால் டூவீலரில் வருவதே நல்லது. வைகாசிக் காற்றில் கணவாய்ப் பக்கம் வண்டி ஓட்டுவது தனிப் பயிற்சி.

இப்போது கேள்விப்படுவது, அடுத்த பேட்சிலிருந்து படிப்பை இரண்டாகப் பிரிக்கப்போகிறார்களாம். மொழிச் சான்றிதழ் சனிக்கிழமை, நலவாழ்வுச் சான்றிதழ் ஞாயிற்றுக்கிழமை, தனித்தனிக் கட்டணம். அலுவலகத்தில் விசாரித்தபோது “நிறைய பேர் ஒன்றை மட்டும் கேட்கிறார்கள் மேடம்” என்றார்கள். கேட்பார்கள்தான். ஆனால் பிரித்துவிட்டால் லாவ்ஷி ஒரு நாள் வருவார், மாஷ் இன்னொரு நாள் வருவார், வராந்தாவில் ஒருவர் செய்து ஒருவர் சொல்லும் அந்த மணி நேரம் நின்றுவிடும். நாங்கள் சிலர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

சேர நினைக்கிறவர்கள் விண்ணப்பம் வாங்கும்போதே கவுண்டரில் கேளுங்கள்: உடற்பயிற்சி நேரத்தில் மொழி டீச்சரும் இருப்பாரா? இருப்பார் என்றால் 7,500 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் மொழிக்கு மட்டும் சேருங்கள், டிஷ்யூ பேப்பர் வகுப்புகளைத் தவறவிடாதீர்கள். பாதுவான்ஜின் வேண்டுமென்றால் மாஷ் காலையில் பல்கலைக்கழக மைதானத்தில்தான் இருப்பார், போய்க் கேட்டால் காசு வாங்காமலே சொல்லித்தருவார்.